காற்றாலைப் பக்கத்து பீர் ஆலையில் பிடித்த கணக்கும் காரைக்குடி இஞ்சி சோடாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீட்டில் பீர் காய்ச்சும் குறிப்பு இல்லை. தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சினால் வம்புதான். நான் சொல்லப்போவது இஞ்சி சோடா. கடையில் வாயு ஏற்றிக் கொடுக்கிற சோடா இல்லை, தோசை மாவு பொங்குகிற மாதிரி தானே புளித்துத் தன் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்கிற சோடா. இணையத்தில் இதற்குச் செய்முறை கொட்டிக் கிடக்கிறது. நான் பார்த்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்கள் சொல்லும் நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு காரைக்குடி வெயிலில் செய்தால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு சாமான் அறைக்குத் தெரியும். அந்தக் கதை கீழே வருகிறது.

எனக்குக் கணக்குப் புரிந்தது ஆம்ஸ்டர்டாமில். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை, "வாங்க மச்சான், காற்றாலை காட்டுறேன்" என்று கூட்டிப்போனார், போய் நின்ற இடம் பீர் ஆலை. டெ ஹோயர் என்ற பழைய மாவரைக்கும் காற்றாலை, 26 மீட்டருக்கு மேல் உயரம், மரத்தில் கட்டியதில் அந்த நாட்டிலேயே உயரமானது. அதன் காலடியில், ஒருகாலத்தில் ஊர் ஜனம் குளிப்பதற்காக நகராட்சி நடத்திய குளியல் விடுதிக் கட்டடத்தில், காஸ்பர் பீட்டர்சன் என்ற இசைக்கலைஞர் 1985இல் ஆரம்பித்த ப்ரௌவரெய் டெய் என்கிற சின்ன பீர் ஆலை. பெயரில் வருகிற எய் என்பது ஊருக்கு வடக்கே இருக்கிற நீர்நிலையின் பெயர், டச்சு மொழியில் முட்டைக்கும் அதே உச்சரிப்பு, அதனால்தான் அவர்கள் லேபிளில் ஒரு தீக்கோழியும் பக்கத்தில் முட்டையும் இருக்கும். காற்றாலையில் தானியம் அரைத்துத்தான் பீர் செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை, இரண்டுக்கும் அக்கம்பக்கத்து உறவு மட்டும்தான். இன்னொரு விஷயம், 1814இல் பக்கத்தில் ராணுவக் குடியிருப்பு எழும்பி ஆலைக்குக் காற்று மறித்துப்போனதால் அந்த ஆலையையே பெயர்த்துக் கொண்டுவந்து இப்போது இருக்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊரிலும் வீட்டைப் பெயர்க்கிறோம், பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் அடுக்கி நிற்கிறது. ஆனால் நாம் திரும்ப நிறுத்துவதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

முளைகட்டிக் காயவைத்த பார்லியை அரைத்து, 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அதை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஈஸ்ட் விடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருளை விடுகிறது, ஒன்று ஆல்கஹால், இன்னொன்று கார்பன் டை ஆக்சைடு. ஏறக்குறைய எடைக்கு எடை: 10 கிராம் சர்க்கரை தின்றால் 5 கிராம் ஆல்கஹால், 5 கிராம் வாயு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பெரிய தொட்டியில் இது நடக்கும்போது வாயு வெளியே போய்விடும், அடைப்பு இல்லை. ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை எல்லாம் தீர்ந்த பிறகு, சீசாவில் புளிக்கவைக்கும் பழைய பெல்ஜிய முறைக்காரர்கள் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை மட்டும் அளந்து போட்டுச் சீசாவை மூடுகிறார்கள். அந்தச் சின்னச் சர்க்கரை முழுதும் தீர்ந்தாலும் வாயு அளவாகத்தான் இருக்கும். சீசா வெடிக்காது, மாதக்கணக்கில் வைக்கலாம்.

நம் இஞ்சி சோடா அப்படி இல்லை. அது இனிப்பாக இருக்கவேண்டும், அதனால் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை இருக்கும்போதே மூடுகிறோம். குடிக்க வாகான நுரைக்கு அதில் பத்துப் பன்னிரண்டு கிராம் தீர்ந்தால் போதும். மீதி 70 கிராமும் பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது, ஈஸ்டும் உயிரோடு இருக்கிறது. தடுக்காமல் விட்டால் அத்தனையும் தின்னும், வாயு ஏழு மடங்காகும், ஆல்கஹாலும் பீர் அளவுக்கு ஏறிவிடும். பீர்க்காரர் சர்க்கரையை அளந்து வாயுவை நிறுத்துகிறார், நாம் நேரத்தை அளந்து குளிரில் வைத்து நிறுத்துகிறோம். அங்கே சாதாரணமாக ஈஸ்ட் வேலை செய்யும் சூடு 20 டிகிரியை ஒட்டி. நம் வீட்டுக்குள் சித்திரையில் 33, 34. அவர்கள் ஊரில் ஐந்து நாள் என்பது நமக்கு ஒரு ராத்திரி.

இனி செய்முறை. நான்கு வேலை: உறை எடுப்பது, இஞ்சிக் கஷாயம் வைப்பது, பாட்டிலில் அடைப்பது, சரியான நேரத்தில் குளிரில் வைப்பது. முதல் மூன்றும் யாருக்கும் வரும். நாலாவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

இஞ்சி உறை

தயிருக்கு உறை மாதிரி இதற்கும் ஒரு உறை வேண்டும். கடையில் ஈஸ்ட் பாக்கெட் வாங்கிப் போடலாம், ஒரே நாளில் பொங்கும், ஆனால் ரொட்டி வாசம் அடிக்கும், எனக்குப் பிடிக்காது. இஞ்சித் தோலிலேயே ஈஸ்டும் புளிப்பு நுண்ணுயிர்களும் இருக்கின்றன. அதனால் தோலைச் சீவாதீர்கள். மண்ணைக் கழுவிவிட்டுத் தோலோடு துருவுங்கள், தேய்த்துத் தேய்த்துக் கழுவவும் வேண்டாம். சந்தையில் மண் ஒட்டிய நாட்டு இஞ்சி கிடைத்தால் அதுதான் முதல் தரம். பளபளவென்று பாலிதீன் பையில் வருகிற இஞ்சியில் எனக்கு இரண்டு முறை உறை பிடிக்கவே இல்லை.

அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. கண்ணாடி பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ போட்டு, வாயை வேட்டித் துணியால் கட்டுங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும்தான் கண்ணாடிக்கு அனுமதி, ஏனென்றால் இங்கே மூடி இல்லை, வாயு போய்க்கொண்டே இருக்கும். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் போட்டு, காலையும் மாலையும் ஒரு மரக்கரண்டியால் கலக்கிவிடுங்கள். ஜாடியை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் உறையில் இஞ்சியைவிட எறும்பு அதிகம் இருக்கும். துணியை இறுக்கிக் கட்டவில்லை என்றால் கொசு மாதிரி சின்னதாக ஒரு பழ ஈ வரும், அது வந்துவிட்டால் சோடாவுக்குப் பதில் வினிகர்தான்.

சித்திரை, வைகாசியில் இரண்டாம் நாளே கலக்கும்போது சோடா திறந்த மாதிரி மெல்லிசாக ஒரு இரைச்சல் கேட்கும். காதை ஜாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து முற்றத்தில் சொட்டுகிற மாதிரி பொட்டுப்பொட்டென்று குமிழ் உடையும். துருவல் எல்லாம் மேலே எழும்பி ஒரு தொப்பி மாதிரி நிற்கும். மார்கழியில் இதற்கு ஐந்து நாள்கூட ஆகும். வாசனைதான் கடைசித் தீர்ப்பு: இஞ்சியும் லேசான புளிப்பும் சேர்ந்து, கொஞ்சம் பழுத்த பழம் மாதிரி இருக்கவேண்டும். மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் பயமில்லை, எடுத்துப் போட்டுவிட்டு ஒரு வேளை கூடுதலாகக் கலக்குங்கள். பச்சையோ கறுப்போ பஞ்சு மாதிரி பூத்தால் யோசிக்கவே வேண்டாம், முழுக்கக் கொட்டிவிட்டு ஜாடியைக் கொதிநீரில் கழுவி மறுபடி ஆரம்பியுங்கள். மேலே இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள், கூடாது.

தண்ணீரும் பாத்திரமும்

காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்றால் தனிப் பெருமை, வெளியூர் போனால் முதல் குறையே தண்ணீர்க் குறைதான். ஆனால் குழாயில் வருகிற தண்ணீர் எதுவானாலும் அதில் குளோரின் கலந்திருக்கும். குளோரின் வேலையே நுண்ணுயிரைக் கொல்வது, நம் உறைக்கும் அதே கதிதான். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் போதும், வேறு சாகசம் எதுவும் வேண்டாம். கேன் தண்ணீரும் நடக்கும்.

பாத்திரத்தில்தான் செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வீடு நிறையப் பித்தளை, செம்பு கிடக்கும், பெரிய அண்டாவைப் பார்த்தால் கை அரிக்கும். இது புளிப்புச் சரக்கு, பித்தளையிலும் செம்பிலும் அலுமினியத்திலும் வைக்காதீர்கள். எவர்சில்வர் சரி. சீதனத்தில் வந்த, எனாமல் பூசிய மங்குச் சாமான் இருந்தால் அருமை, பூச்சு பெயர்ந்து உள்ளே இரும்பு தெரியாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கஷாயம்

இரண்டு லிட்டர் சோடாவுக்கு நான் எடுக்கும் அளவு: 120 கிராம் இஞ்சி, 160 கிராம் சர்க்கரை, நான்கு எலுமிச்சம்பழம், 150 மில்லி உறை. இங்கே இஞ்சியைத் தோல் சீவலாம், சீவாமலும் விடலாம், எப்படியும் கொதிக்கப்போகிறது. அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிடுங்கள். மிக்ஸியில் அரைத்தால் பால் மாதிரி கலங்கி அடியில் மாவு தங்கும், அது கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது என்பதுதான். பத்து மிளகும் தட்டிப் போடுவேன், தொண்டையில் ஒரு பிடி பிடிக்கும். அடுப்பை அணைத்துச் சர்க்கரையைக் கரைத்து வடித்து, மீதி ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள்.

இப்போது பொறுமை வேண்டும். கையில் தொட்டால் சூடே தெரியக்கூடாது. வெதுவெதுப்பு இருக்கும்போதே உறையை ஊற்றிவிட்டு, ஏன் குமிழே வரவில்லை என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், 45 டிகிரிக்கு மேல் போனாலே உறை செத்துப்போகும். பாலை நன்றாக ஆற்றாமல் உறை ஊற்றினால் தயிர் என்ன ஆகிறது, அதேதான். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு, அப்புறம் வடித்த உறை. ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப்பாருங்கள். இந்த நேரத்தில் கொஞ்சம் தித்திப்பு தூக்கலாக, பானகம் மாதிரி இருக்கவேண்டும், பின்னால் குறையும்.

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் போட்டேன். வாயு ஏறிய கருப்பட்டி ஒரு விசித்திரம், மருந்துக் கடைச் சரக்கு மாதிரி இருந்தது, இஞ்சி எங்கே போனதென்றே தெரியவில்லை. நாலில் ஒரு பங்கு கருப்பட்டி, மூன்று பங்கு வெள்ளைச் சர்க்கரை என்றால் நன்றாக இருக்கிறது. நாட்டுச் சர்க்கரையில் அழுக்கு இருக்கும், இரண்டு முறை வடிக்கவேண்டும். சர்க்கரையே வேண்டாம், இனிப்பூட்டும் மாத்திரை போடலாமா என்று ஒருவர் கேட்டார். ஈஸ்ட் அதைத் தின்னாது, சோடா ஆகாது.

அடைப்பது

குளிர்பானம் வாங்கிக் குடித்த காலி பிளாஸ்டிக் பாட்டில். இதைத் தவிர வேறெதிலும் அடைக்காதீர்கள். தண்ணீர் பாட்டில் கூடாது, அது மெல்லிசு, வாயுவைத் தாங்கச் செய்ததில்லை. குளிர்பான பாட்டிலின் அடியைப் பாருங்கள், ஐந்து கால் மாதிரி புடைத்திருக்கும், அந்த அமைப்பே அழுத்தத்தைத் தாங்கத்தான். கண்ணாடி கூடவே கூடாது.

கோலி சோடா பாட்டில் வீட்டில் இருக்கிறதே என்று சிலருக்கு ஆசை வரும், எனக்கும் வந்தது. 1870களில் இங்கிலாந்துக்காரர் ஹிராம் காட் கண்டுபிடித்த பாட்டில் அது, உள்ளே இருக்கும் வாயு அழுத்தம்தான் கோலியைக் கழுத்து ரப்பரோடு ஒட்டி மூடுகிறது. அழகான யோசனை. ஆனால் சோடாக்கடை மிஷினில் அளந்து வாயு ஏற்றிக் கவிழ்த்து எடுப்பதற்கு அது சரி, தானாக வாயு ஏறிக்கொண்டே போகிற சரக்குக்குச் சரியில்லை. கண்ணாடி கண்ணாடிதான்.

இந்தப் பாடம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதல் தடவை, ஆம்ஸ்டர்டாம் போவதற்கு ரொம்ப முன்னால், வெளிநாட்டுச் செய்முறை ஒன்றைப் பார்த்து, பழைய ஸ்குவாஷ் பாட்டில் மூன்றில் அடைத்து இறுக்கி மூடி, "ஐந்து முதல் ஏழு நாள் அறை வெப்பத்தில் வைக்கவும்" என்று இருந்ததால் இரண்டாங்கட்டு சாமான் அறையில் பலகை மேல் வைத்தேன். பங்குனி மாசம். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வெடிச் சத்தம், ஒன்று, இரண்டு நிமிஷம் கழித்து இன்னொன்று. அப்பத்தா முதலில் எழுந்து, "யாரு வூட்டுல வேட்டுப் போடுறாங்க இந்நேரத்துக்கு" என்று கேட்டுக்கொண்டே விளக்கைப் போட்டார். கண்ணாடிச் சில்லு ஒன்று தேக்குப் பலகையில் ஆணி அடித்த மாதிரி குத்தி நின்றது. பக்கத்தில் இருந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடி, பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், வாயில் விரிசல். மூன்றாவது பாட்டில் இன்னும் வெடிக்காமல் நின்றது, யாரும் அறைக்குள் போகவில்லை. காலையில் ஒரு கனத்த ஜமுக்காளத்தை அதன் மேல் எறிந்துவிட்டு, தடிமன் கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் தளர்த்தினேன், இப்போது நினைத்தால் அதுவும் முட்டாள்தனம்தான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அப்பத்தா அந்த ஜாடியைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார், முக்கியமாக விருந்தாளிகள் வரும்போது.

ஆகவே பிளாஸ்டிக். பாட்டிலை வெந்நீரில், ரொம்பக் கொதிக்கிற நீரில் இல்லை, அது சுருங்கிவிடும், கழுவி, மேலே நாலு விரற்கடை இடம் விட்டு ஊற்றுங்கள். மூடுவதற்கு முன் பாட்டிலை லேசாக அமுக்கிக் கொஞ்சம் காற்றை வெளியேற்றி, அமுக்கிய நிலையிலேயே மூடியைத் திருகுங்கள். பாட்டில் இடுப்பு ஒட்டின மாதிரி உள்வாங்கி நிற்கும். இதுதான் உங்கள் அளவுகோல்.

எப்போது நிறுத்துவது

மூடிய பாட்டிலை வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழைய செட்டிநாட்டு வீட்டில் இதற்கு இடம் தேட வேண்டியதில்லை, கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் இருக்கிற உள்ளறையில் வெளியே 39 அடிக்கும்போது என் வெப்பமானி 32 காட்டியது. புதுசாகக் கட்டிய கான்கிரீட் வீட்டு மாடியில் இருப்பவர்கள் ஒரு பக்கெட் தண்ணீரில் பாட்டிலை நிறுத்துங்கள், ஈரச் சாக்கைச் சுற்றுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அந்த இரண்டு மூன்று டிகிரிதான் உங்களுக்குத் தூங்க நேரம் கொடுக்கும்.

முதலில் உள்வாங்கிய இடம் மெல்ல நிமிரும். அப்புறம் பாட்டில் முழு வடிவத்துக்கு வரும். அதற்குப் பிறகு மணிக்கொரு தடவை கட்டைவிரலால் அமுக்கிப்பாருங்கள். பழுத்த தக்காளி மாதிரி அமுங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது. கிரிக்கெட் ரப்பர் பந்து மாதிரி எதிர்த்தால் நெருங்கிவிட்டது. கடையில் வாங்கிய திறக்காத குளிர்பானம் மாதிரி விரலே இறங்கவில்லை என்றால் அந்த நிமிஷமே ஃப்ரிட்ஜில் வையுங்கள், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்து பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறி அமுக்கிப் பாருங்கள், கைக்குப் பழகிவிடும்.

என் வீட்டில் சித்திரையில் 14 மணி நேரம், ஆவணியில் ஒரு நாளை ஒட்டி, மார்கழியில் இரண்டு நாள் தாண்டும். உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கும், உறையின் வலுவைப் பொறுத்தும் மாறும், அதனால் கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். நான் காலையில் அடைப்பேன். ராத்திரி அடைத்தால் நெருக்கடியான நேரம் நாம் தூங்கும்போது வந்துவிடுகிறது.

அடிப்பாகம் புடைத்து, பாட்டில் நேராக நிற்க முடியாமல் ஆடினால் எல்லை தாண்டிவிட்டது. முகத்தைத் தள்ளி வைத்து, துணியைப் போர்த்தி, மூடியை மயிரிழை அளவு திருகிச் சீறவிட்டு, உடனே இறுக்குங்கள். சீறல் அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

குளிரில் வைத்தபின்

குளிர் ஈஸ்டைக் கொல்லாது, தூங்கவைக்கும். ஃப்ரிட்ஜிலும் மெல்ல மெல்ல வாயு ஏறும். ஐந்தாறு நாளில் குடித்து முடியுங்கள், நடுவில் ஒரு தடவை மூடியைச் சீறவிடுங்கள். பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற நாள் வரும் இல்லையா, அன்றைக்குக் காலையிலேயே பாட்டில்களை எடுத்துக் குடித்துவிடுங்கள் அல்லது வாயுவை விட்டுவிடுங்கள்.

ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் திறக்கவேண்டும். சூடான திரவத்தில் வாயு தங்காது, அவசரப்பட்டுத் திறந்தால் பாதிச் சோடா கூரைக்குப் போகும். திறக்கும் இடமும் முக்கியம்: முற்றத்தில் திறங்கள், கழுவிவிடுகிற இடத்தில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வேண்டவே வேண்டாம். அது சுட்ட ஓடு இல்லை, சிமெண்டில் வார்த்தது, எலுமிச்சையும் புளிப்பும் பட்டால் மேல்மெருகு அரித்துப்போகும். எங்கள் பட்டாலையில் சிவப்புப் பூவுக்கு நடுவில் ஒரு உள்ளங்கை அளவுக்கு வெளுத்த திட்டு இருக்கிறது, எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதுவும் என் கைங்கரியம்.

ஆல்கஹால் விஷயத்தை மறைக்கக்கூடாது. மேலே சொன்ன எடைக்கு எடை கணக்கில், குடிக்க வாகான நுரை வந்தபோது நூற்றுக்கு அரை முதல் முக்கால் பங்கு ஆல்கஹால் அதிலும் இருக்கும். அந்தக் காற்றாலைக்கடியில் மாப்பிள்ளை குடித்த ஸாட்டே என்ற பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் (பெயருக்கே டச்சில் போதையேறிய என்றுதான் அர்த்தமாம்), அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கும் கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கொடுக்காதீர்கள். மதுவைத் தொடாதவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்கு வந்தால் விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர்கள் முடிவுக்கு விடுங்கள். விரதக்காரர்களுக்குச் சாதாரண எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தால் போயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டால் "கிக்" வருமே என்று வெளியில் கூடுதல் நேரம் வைக்கிற யோசனை இருந்தால், முதலில் வருவது பாட்டில் வெடிப்பு, அப்புறம் சட்டம்.

இஞ்சி அலுத்தால் நன்னாரி. கஷாயத்தில் இஞ்சியைப் பாதியாகக் குறைத்து, நசுக்கிய நன்னாரி வேர் 30 கிராம் போட்டுக் கொதிக்கவிட்டால், மண்வாசனையோடு ஒரு சரக்கு வரும், எங்கள் வீட்டில் இஞ்சியைவிட அதற்குத்தான் கிராக்கி. அன்னாசி போட்டால் அதன் சர்க்கரையும் சேர்வதால் வேகம் கூடும், நேரத்தைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் போட்டுப் பார்த்தேன், நார் வந்து மூடியில் அடைத்து ஒரே ரகளை, விட்டுவிட்டேன்.

மிச்ச உறையைக் கொட்ட வேண்டாம். எடுத்த 150 மில்லிக்குப் பதில் அதே அளவு ஆறிய தண்ணீரும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சர்க்கரையும் போட்டால் இரண்டு நாளில் அடுத்த தடவைக்குத் தயார். ஊருக்குப் போவதாக இருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து வாரம் ஒருமுறை ஒரு கரண்டி சர்க்கரை போடச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு அப்பத்தாவிடம். கலக்கிவிட்டு, கொஞ்சம் ஊற்றி வாயில் விட்டு, "உப்பு பத்தலை" என்பார் ஒவ்வொரு தடவையும். போன மாசம் அவர் பேச்சைக் கேட்டு கொஞ்சம் உப்புப் போட்டு அடைத்தேன். இரண்டு லிட்டருக்கு அரைச் சிட்டிகை, மேலே சொன்ன அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.